அறுபது நாள்: வேலையிழந்தவருக்குச் சட்டம் தரும் அவகாசம்

என் தாய்மாமா கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகள் வேலை செய்தவர். 2022-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, வேலை முடியும் நேரத்தில், அலுவலகத்துக்கு அழைத்தார்கள். ஆர்டர் குறைந்துவிட்டது, ஆளைக் குறைக்கிறோம் என்றார்கள். ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். மாமா அந்தத் தாளை முழுதாகப் படிக்கவில்லை. "படிச்சா மட்டும் வேலையைத் திருப்பிக் கொடுத்துடுவாங்களா?" என்றுதான் பிறகு சொன்னார்.

மூன்று மாதம் கழித்து, நான் விடுமுறையில் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, "ஐயா, நீ யுனிவர்சிட்டியில படிக்கிற பிள்ளை. வேலை போனா சொக்சோவுல காசு கொடுப்பாங்களாமே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் வைத்திருந்த தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக் கொள்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரி அவருக்கு எவ்வளவு பெரிய இழப்பைத் தந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அன்று தெரியாமல் விழித்ததன் விளைவே இக்கட்டுரை.

திட்டம் பிறந்த கதை

நம் நாட்டில் வேலையிழந்தவருக்கு உதவும் சட்டம் இரண்டு தளங்களில் இயங்குகிறது. ஒன்று, முதலாளி கொடுக்க வேண்டிய ஆட்குறைப்பு இழப்பீடு. மற்றொன்று, சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் வழங்கும் வேலைக் காப்புறுதி.

முதலாவது பழையது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980-இல் இயற்றப்பட்ட விதிமுறைகளின்படி, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு இழப்பீடு உண்டு. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். என் மாமாவின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 11 ஆண்டுக்கு 220 நாள் சம்பளம், அதாவது ஏழு மாதச் சம்பளத்துக்கு மேல். அவர் வாங்கி வந்ததோ ஒரு மாதச் சம்பளம். வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் எல்லாத் தொழிலாளருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் இந்த இழப்பீட்டு விதி மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குவோருக்குப் பொருந்தாது.

இந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இழப்பீட்டைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அவரே நொடித்துப் போனால் யாரிடம் போய்க் கேட்பது? 1997, 1998 பொருளாதார நெருக்கடியில் பல நிறுவனங்கள் இழுத்து மூடப்பட்டபோது இந்தக் கேள்வி வலுவாக எழுந்தது. வேலையிழந்தோருக்கெனத் தனி நிதி வேண்டும் என்று மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அக்காலந்தொட்டே கேட்டு வந்தது. செலவு கூடும் என்று முதலாளிகள் தரப்பு எதிர்த்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2017 அக்டோபரில், வேலைக் காப்புறுதி முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் 800 என்பது அதன் எண். 2018 ஜனவரி முதல் நாள் சந்தா பிடித்தம் தொடங்கியது. முழுமையான உதவித் தொகைகள் 2019 முதல் நடைமுறைக்கு வந்தன.

யார் கட்டுகிறார், யார் பெறுகிறார்?

தொழிலாளியின் சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி தரப்பில் 0.2 விழுக்காடு. முதலில் ஆளுக்கு 0.5 விழுக்காடு என்று முன்மொழியப்பட்டு, பின்னர் குறைக்கப்பட்டது. 2,500 ரிங்கிட் சம்பளக்காரர் மாதம் கட்டுவது ஏறத்தாழ 5 ரிங்கிட். சந்தா கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பு 4,000 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022 செப்டம்பரில் 5,000 ஆகவும், 2024 அக்டோபரில் 6,000 ஆகவும் உயர்ந்தது.

இது அரசாங்கம் போடும் பிச்சையன்று என்பதை முதலில் மனத்தில் பதிய வைக்க வேண்டும். நம்மவர் பலர் 'உதவிப்பணம்' என்று கேட்டதுமே கூச்சப்பட்டு ஒதுங்கி விடுகின்றனர். மாதந்தோறும் கட்டிய காப்புறுதியைத் தேவையான நேரத்தில் பெறுவதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளானால் காப்புறுதி கேட்கக் கூசுகிறோமா?

தனியார் துறையில் 18 முதல் 60 வயது வரையிலான தொழிலாளர் இதில் அடங்குவர். அரசு ஊழியர், சுயதொழில் செய்வோர் அடங்கார்.

எந்த இழப்பு 'வேலையிழப்பு'?

இங்கேதான் கவனம் வேண்டும். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், நொடிப்பு, நிறுவனம் அறிவிக்கும் தன்விருப்பப் பிரிவுத் திட்டம் ஆகியவை ஏற்கப்படும். பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ வேலையை விட்டவரும், தம் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆபத்தான பணியைச் செய்யச் சொன்னதால் விலகியவரும்கூட விண்ணப்பிக்கலாம்.

ஏற்கப்படாதவை: சொந்த விருப்பத்தின் பேரில் விலகுதல், பணி ஓய்வு, ஒழுங்கீனத்தால் நீக்கப்படுதல், குறிப்பிட்ட கால ஒப்பந்தம் முடிவுறுதல். என் மாமா கையெழுத்திட்ட ஒற்றை வரி அவரை முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்குத் தள்ளிவிட்டது. ஆட்குறைப்பு இழப்பீடும் போனது, காப்புறுதியும் போனது.

கட்டாயப்படுத்தி வாங்கிய விலகல் கடிதம் உண்மையில் வேலை நீக்கமே என்று வாதிட வழியுண்டு. 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின் கீழ் தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் முறையிட வேண்டும். சொக்சோவில் விண்ணப்பிப்பதற்கும் அதே 60 நாள்தான். மாமா என்னிடம் கேட்டபோது தொண்ணூறு நாளுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது.

கையில் எவ்வளவு வரும்?

2017 சட்டம் வகுத்த வேலை தேடும் படித்தொகை ஆறு மாதம் வரை நீள்கிறது. அது மாதந்தோறும் குறைந்து வரும்: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30. ஒருவருக்கு எத்தனை மாதம் கிடைக்கும் என்பது அவர் கட்டிய சந்தாவைப் பொறுத்து மூன்று முதல் ஆறு மாதம் வரை மாறும்.

2,500 ரிங்கிட் சம்பளக்காரர் ஒருவரை எடுத்துக் கொள்வோம். ஆறு மாதத்துக்கு முறையே 2,000, 1,250, 1,000, 1,000, 750, 750. மொத்தம் 6,750 ரிங்கிட். ஏன் குறைந்துகொண்டே வருகிறது? வேலை போன முதல் மாதத்தில்தான் வீட்டு வாடகை, கார் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் பழைய சம்பளக் கணக்கிலேயே நிற்கும். அப்போது அதிகம் தேவை. பின்னர் படிப்படியாகக் குறைத்து, வேலை தேடும் முனைப்பு குன்றாமல் பார்த்துக் கொள்கிறது சட்டம்.

விரைவில் வேலை கிடைத்துவிட்டால் மீதித் தொகை முழுதும் வீணாகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு வேலையில் சேர்பவருக்கு எஞ்சிய தொகையில் 25 விழுக்காட்டை ஊக்கத்தொகையாக வழங்க அதே சட்டம் வழி செய்தது. மேற்சொன்னவர் இரண்டு மாதப் படித்தொகை பெற்றபின் வேலையில் சேர்ந்தால், எஞ்சிய 3,500 ரிங்கிட்டில் 875 ரிங்கிட். புதிய தொழில் கற்கப் பயிற்சிக் கட்டணமும் பயிற்சிப் படியும் இதே திட்டத்தில் உண்டு. விகிதங்கள் அவ்வப்போது திருத்தப்படக் கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விகிதத்தை முகப்பிடத்தில் கேட்டுக் கொள்வது நல்லது.

பணம் வாங்குபவர் சும்மா இருந்துவிட முடியாது. வேலை தேடுவதைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். நேர்முகத் தேர்வுகளுக்குப் போக வேண்டும். சொக்சோ நடத்தும் 'மை ஃபியூச்சர் ஜோப்ஸ்' என்னும் வேலைத்தளமும், வழிகாட்டும் அதிகாரிகளும் இதற்கு உதவுகின்றனர்.

கிள்ளானில் எங்கே போவது?

கிள்ளானும் காப்பாரும் மேருவும் ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த பகுதிகள். 1941-இல் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த மண் இது. தோட்டங்கள் பல குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பிறகு, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் லாரி ஓட்டவும் போனார்கள். தோட்டத்தில் ஒரு பிரச்சினை என்றால் சங்கத்துத் தலைவரிடம் ஓடலாம். தொழிற்சாலையில் பலருக்குச் சங்கமே இல்லை. அதனால்தான் எந்த வாசலைத் தட்டுவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

வாசல்கள் மூன்று. வேலைக் காப்புறுதிக்குச் சொக்சோ அலுவலகம். கிள்ளானிலேயே இருக்கிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். வேலை நிறுத்தக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக் கொள்ள வேண்டும். இழப்பீட்டையோ சம்பள பாக்கியையோ முதலாளி தர மறுத்தால் ஆள்பல இலாகா. அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றால் வேலைக்கே போக இயலாதவருக்குச் சமூக நல இலாகா.

வெளியே நிற்பவர்கள்

இத்திட்டத்தின் பயனை 2020-இல் நாடு கண்டது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மே மாதத்தில் வேலையில்லாதோர் விகிதம் 5.3 விழுக்காட்டைத் தொட்டது. அந்த ஓராண்டில் மட்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் வேலையிழப்பு இத்திட்டத்தில் பதிவானது. திட்டம் இரண்டாண்டு தாமதமாக வந்திருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும்?

ஆனால் அதே ஆண்டு ஓட்டைகளையும் காட்டியது. நாள் கூலிக்குப் போகிறவர், சந்தா பிடிக்காத சிறு கடையில் வேலை செய்பவர், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்ச் சேர்ப்பவர் ஆகியோர் வெளியே நின்றனர். சுயதொழில் செய்வோருக்கென 2017-இல் வந்த சட்டம் 789 வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு ஈடு தருகிறது. வருமானம் நின்றுபோனால் தருவதில்லை.

பட்டதாரிகளாகப் போகும் நாமும் இதைக் கவனிக்க வேண்டும். சந்தாவே கட்டாத புதிய பட்டதாரிக்கு இதில் உரிமை இல்லை. முதல் வேலை ஓராண்டு ஒப்பந்தமாக இருந்து, அது புதுப்பிக்கப்படாமல் போனால், அதுவும் 'வேலையிழப்பு' ஆகாது. ஆகவே வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும்போதே நிரந்தரமா, ஒப்பந்தமா என்று பார்த்துக் கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் சந்தா பிடிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். பிடித்ததைக் கட்டாத முதலாளி குற்றம் செய்கிறார்; அதைச் சொக்சோவில் தெரிவிக்கலாம்.

நாம் செய்யக் கூடியது

நம் கழகத்தில் கவியரங்கும் பட்டிமன்றமும் சிறப்பாக நடத்துகிறோம். அவற்றோடு, விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் மூன்று செய்திகளைச் சொல்லி வந்தால் போதும். ஒன்று, புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். 'வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத் தருகிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு, சம்பளச் சீட்டுகளை வீசிவிடாமல் எடுத்து வையுங்கள். மூன்று, வேலை போன நாளிலிருந்து 60 நாள். அதற்குள் போய்க் கேளுங்கள். இதற்கு மேடையோ ஒலிபெருக்கியோ வேண்டாம்.

மாமா இப்போது வேறோர் இடத்தில் பாதுகாவலராக வேலை செய்கிறார். பழைய சம்பளம் இல்லை. சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது, அவருடைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்கும் அன்றுதான் கம்பெனியில் கடிதம் கொடுத்திருந்தார்கள். மாமா அந்தக் கடிதத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"ஐயா, இதை நல்லாப் படிச்சுச் சொல்லு. இவன் இன்னும் கையெழுத்துப் போடல."