தினைப்புனமும் செம்பனைத் தோட்டமும்

யானைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. வேழம், கரி, கைம்மா எனப் பொதுப்பெயர்கள் உள. ஆணைக் களிறு என்றும் பெண்ணைப் பிடி என்றும் பண்டையோர் பிரித்து வழங்கினர். யானையோடு எல்லை பகிர்ந்து வாழ்ந்த மக்களிடமே இத்தகைய சொல்வளம் தோன்றும். குறிஞ்சிப் பாடல்களில், பரண்மீது இருந்து தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிந்து யானையை விரட்டுவர். யானையும் காட்டிற்குத் திரும்பும். திரும்பிச் செல்ல அன்று காடு இருந்தது.

இன்று அந்நிலை மாறிவிட்டது. ஜொகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரம் இதற்குத் தக்க சான்று. பால்மரமும் செம்பனையும் நிற்கும் நிலம் ஒரு காலத்தில் அடர்ந்த காடாய் இருந்தது. இவ்வட்டாரத்திற்குக் கிழக்கே, பெக்கோக் வழியாகச் சென்றடையும் எண்டாவ்–ரொம்பின் காடு, யானைகளுக்கு எஞ்சியுள்ள பெரும் புகலிடங்களுள் ஒன்று. அதன் ஜொகூர்ப் பகுதி 1993-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2008-இல் சாணத்தை எண்ணிக் கணித்த ஆய்வாளர், எண்டாவ்–ரொம்பின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 135 யானைகள் இருக்கலாம் என மதிப்பிட்டனர்.

வளர்ந்த யானை ஒன்று நாள்தோறும் ஏறத்தாழ 150 கிலோ உணவு கொள்ளும். இளஞ்செம்பனையின் குருத்து அதற்கு மிகவும் விருப்பமானது. செம்பனை காய்க்க மூன்று ஆண்டு ஆகும். அத்தனை நாள் உழைப்பும் ஓரிரவில் அழியக் காணும் சிறுதோட்டக்காரரின் துயரம் சிறிதன்று. ஆதலின், யானையைக் காப்போர் அவரையும் மறத்தலாகாது.

மலேசிய வனவிலங்குத் துறை 1974-இல் யானை பிடிக்கும் குழுவொன்றை அமைத்தது. தோட்டங்களில் புகும் யானைகளைப் பிடித்துத் தொலைவிலுள்ள காடுகளில் விடுவது அதன் பணி. இம்முறையால் நூற்றுக்கணக்கான யானைகள் உயிர் பிழைத்தன. எனினும் இடமாற்றம் ஒன்றே போதுமா? இலங்கையில் 12 களிறுகளுக்குக் கழுத்துப்பட்டை பூட்டிச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்ந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. சில களிறுகள் பிடிபட்ட இடத்திற்கே மீண்டன. சில ஊர் ஊராய் அலைந்தன. மோதல் ஓயவில்லை, புதிய இடங்களுக்கும் பரவிற்று.

ஆகவே, இளஞ்செடி நிற்கும் பகுதியைச் சுற்றி மின்வேலி அமைத்தல், துண்டுபட்ட காடுகளை இணைக்கும் வழிகளைப் பேணுதல், சாலைகளில் வேகத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை இன்றியமையாதன. 2025 மே மாதம் பேராக் மாநிலத்தில் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் லாரி மோதிக் கன்றொன்று மாண்டது. லாரியின் அடியிற் கிடந்த கன்றை விட்டுத் தாய் அகலாது நின்ற காட்சியை நாடே கண்டது.

பிடி கருவுற்று ஈன 18 முதல் 22 திங்கள் ஆகும். அடுத்த கன்றுக்குப் பொதுவாக நான்கைந்து ஆண்டு செல்லும். ஆதலின் ஒரு பிடியின் இழப்பு எளிதில் ஈடாகாது. பெருவிதை கொண்ட கனிகளை உண்டு, அவ்விதைகளைப் பல கிலோமீட்டர் சுமந்து சென்று சாணத்தொடு விதைப்பதும் யானையே. அது மறைந்தால் அம்மரங்கள் பரவும் வழியும் குன்றும்.

தினைப்புனம் காத்தோர் காட்டின் ஒரு பகுதியையே திருத்தினர். எஞ்சியதை யானைக்கு விட்டனர். இன்று எஞ்சியதையும் காவாவிடின், களிறும் பிடியும் அகராதியில் மட்டும் வாழும் சொற்களாகிவிடும். வகுப்பறையில் அச்சொற்களுக்குப் பொருள் கூறும்போது, அவ்வுயிர்கள் இன்றும் பெக்கோக் காட்டிற்கப்பால் உலவுகின்றன என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் தகும்.