போர் ஓய்ந்தது, வீடு ஓய்ந்ததா?

மேளம் முழங்குகிறது. மாலை விழுகிறது. மார்பிலே பதக்கம் மின்னுகிறது. ஊர் வாழ்த்திவிட்டுக் கலைகிறது. வீரன் வீட்டுக்குள் நுழைகிறான். அதற்குப் பிறகு நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

கதவு படாரென்று சாத்தினால் துள்ளி எழுகிறான். நள்ளிரவிலே அலறுகிறான். கடைத்தெருவுக்கு வர மறுக்கிறான். பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் மரம்போல் நிற்கிறான். கை இருக்கிறது, கால் இருக்கிறது. காயம் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை!

கண்ணுக்குத் தெரியாத காயத்தைக் கோழைத்தனம் என்றது ஒரு காலம். முதல் உலகப் போரிலே, ஓடினான், ஒளிந்தான் என்று குற்றஞ்சாட்டி, பிரிட்டிஷ் படை தன் சிப்பாய்களையே நிறுத்திவைத்துச் சுட்டது. மனம் நொறுங்கியவர்களும் அவர்களிலே இருந்தனர். அப்படி மாண்டவர்களில் 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது எப்போது? 2006-ஆம் ஆண்டு! புதைகுழிக்குப் போய்ச் சேர்ந்தது மன்னிப்பு!

அமெரிக்காவைப் பாருங்கள். வியட்நாம் போர் 1975-இல் முடிந்தது. போர் அதிர்ச்சியால் வரும் இந்த மனநோய்க்கு அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலே தனிப் பெயரும் இடமும் தந்தது 1980-இல்தான். 1983-இல் நாடாளுமன்றம் கட்டளையிட, கணக்கெடுத்தார்கள். வியட்நாம் களம் கண்ட ஆண்களிலே 100-க்கு 15 பேர், போர் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும், அந்நோயோடு வாழ்ந்துகொண்டிருந்தனர்.

வீரனுக்கு மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது என்கிறோம் நாம். ஏன்?

வீட்டிலே இருப்பவளை எண்ணிப் பாருங்கள். கணவன் கூட்டத்துக்கு அஞ்சுகிறான். அவள் திருமண அழைப்புகளை மறுக்கிறாள். அவன் சத்தத்துக்கு நடுங்குகிறான். அவள் குழந்தைகளின் சிரிப்பைக்கூட அடக்குகிறாள். யாராவது கேட்டால், "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்கிறாள். அத்தனையும் அன்பு! ஆனால் அந்த அன்பே, அவனுக்கும் உலகுக்கும் நடுவிலே சுவராக எழும்புகிறது. அஞ்சியதை அணுகாதவரை அச்சம் தேயாது, வளரும். அவனைக் காக்க நினைத்தவள், தன்னை அறியாமலே அவன் நோயைக் காக்கிறாள்.

அதனால்தான் இருவரையும் ஒன்றாக உட்காரவைக்கும் சிகிச்சை பிறந்தது. கேண்டிஸ் மான்சன், ஸ்டெஃபனி ஃப்ரெட்மன் என்ற அறிஞர்கள் வகுத்த முறையிலே 15 அமர்வுகள். முதலிலே, நோய் என்ன, அது இல்லறத்தை எப்படி அரிக்கிறது என்று இருவருக்கும் விளக்கம். அடுத்து, மனம்விட்டுப் பேசப் பயிற்சி. ஒதுக்கிவைத்த கடைத்தெருவுக்கும் விருந்துக்கும் கைகோத்துப் போகப் பயிற்சி. கடைசியிலே, "எல்லாம் என் தவறு, எவரையும் நம்பக்கூடாது" என்று உள்ளத்திலே உறைந்துபோன எண்ணங்களை இருவரும் சேர்ந்து உரசிப் பார்ப்பது.

பலன் உண்டா? பாஸ்டனிலும் டொராண்டோவிலும் 40 இணையரை வைத்துச் சோதித்தனர். பலவகைக் கொடுமைகளால் இந்நோய்க்கு ஆளானவர்கள் அவர்களிலே இருந்தனர். 2012-இல் முடிவு வெளிவந்தது. சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிடப் பெற்றவர்களின் நோய் தணிந்தது. நோயுற்றவர்கள் தம் இல்லறத்திலே கண்ட நிறைவும் கூடியது.

ஒன்றை மறவாதீர்கள், தோழர்களே! மனைவியை உட்காரவைப்பது, அடியைப் பொறுத்துக்கொள் என்று சொல்வதற்கல்ல. கை ஓங்கும் வீட்டிலே முதல் வேலை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. பேச்சு அதற்குப் பிறகுதான். அவள் நோயாளிக்கு வைத்த வேலைக்காரியல்ல, சரிபாதித் துணை. அவள் துயரமும் கேட்கப்படவேண்டும்.

அரசுகளை நாம் கேட்கிறோம். துப்பாக்கிக்குக் கணக்கு வைத்தீர்கள், தோட்டாவுக்குக் கணக்கு வைத்தீர்கள். உடைந்த வீட்டுக்கு எந்த ஏட்டிலே கணக்கு? போருக்கு அனுப்பும்போது "நாட்டின் பிள்ளை" என்றீர்கள். நொறுங்கித் திரும்பியதும் "உன் புருஷன், நீ பார்த்துக்கொள்" என்று ஒருத்தியின் தலையிலே சுமத்துவது நியாயமா? அனுப்பிய கைதான் ஆற்றவும் வேண்டும். அவனை மட்டுமல்ல, அவன் வீட்டையும்.

போர் முடிந்தது என்று அறிவிக்கும் உரிமை தளபதிக்கு இல்லை. அந்த வீட்டிலே குழந்தை அச்சமின்றிச் சிரிக்கும் நாளிலேதான் போர் முடிகிறது!