பருத்தியின் பிறப்பிடமும் கம்பெனிகளின் வாக்கும்

துணி விற்கும் கம்பெனி துணியை விற்றால் போதாதா, நாட்டு விவகாரங்களில் அபிப்பிராயம் கூறுவது எதற்காக என்று சிலர் வினவுகின்றனர். இக்கேள்வி நம் தொழிலையும் தொடுவதால், பருத்தியைக் கொண்டே இதனை விளக்க முற்படுகிறோம்.

சீனாவின் வடமேற்கில் உள்ள ஸின்ஜியாங் பிரதேசம் உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை விளைவிக்கிறது. அங்கு வாழும் உய்குர் முஸ்லிம்கள் முதலானோர் பருத்தி பறிக்கவும் ஆலைகளில் உழைக்கவும் கட்டாயப்படுத்தப்படுகின்றனர் என்று ஆராய்ச்சியாளர் பலர் குற்றஞ் சாட்டினர். சீன அரசாங்கமோ இதனை அறவே மறுத்து, அது வறுமை ஒழிப்புத் திட்டமே என்கிறது.

ஸ்வீடன் தேசத்து எச் அண்ட் எம் கம்பெனி, இச்செய்திகள் கவலை தருவதாகவும், அப்பிரதேசப் பருத்தியை வாங்குவதில்லை என்றும் 2020-இல் அறிவித்தது. 2021 மார்ச்சில் மேனாட்டு அரசாங்கங்கள் சீன அதிகாரிகள் சிலர் மீது தடை விதித்தன. அதே வாரத்தில் சீனாவின் கம்யூனிஸ்ட் வாலிபர் கழகம் அந்தப் பழைய அறிக்கையை எடுத்துக்காட்டிக் கண்டித்தது. உடனே அக்கம்பெனியின் சரக்குகள் சீனத்து இணைய அங்காடிகளிலிருந்து மறைந்தன. கடைகள் சில மூடப்பட்டன. ஐரோப்பாவில் மனச்சாட்சியின் குரலாகக் கேட்ட வாக்கு, சீனத்தில் தேசத்திற்கு இழைத்த அவமதிப்பாகக் கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானிய முஜி கம்பெனி, ஸின்ஜியாங் பருத்தி என்று பெயர் சொல்லியே அங்கு ஆடைகளை விற்றது.

அப்படியாயின் மௌனமே நலமா? அதுவும் எளிதன்று. அமெரிக்கச் சட்டமொன்று 2022 ஜூன் முதல், அப்பிரதேசத்துச் சரக்கு அனைத்தையும் கட்டாய உழைப்பால் ஆனதாகவே கருதுகிறது. அன்று என நிரூபிக்கும் பொறுப்பு இறக்குமதி செய்வோரையே சாரும். யூனிக்லோ கம்பெனியின் தலைவர் 2021-இல் எப்பக்கமும் சாராது ஒதுங்கினார். 2024 நவம்பரில் அப்பருத்தியைப் பயன்படுத்துவதில்லை எனக் கூறியதும் சீனத்தில் எதிர்ப்பு மூண்டது. பிவிஎச் என்னும் அமெரிக்கக் கம்பெனியை, ஸின்ஜியாங் சரக்கைப் புறக்கணித்ததாகக் கூறி, 2025 பிப்ரவரியில் சீன அரசாங்கம் நம்பத்தகாதோர் பட்டியலில் சேர்த்தது.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? அறிக்கை விடுவது சுலபம். அதனை மெய்ப்பிப்பதே கடினம். நூற்பாலையில் பல ஊர்ப் பஞ்சுப் பொதிகளைக் கலந்து நூற்பது வழக்கம். கலந்தபின் எந்த இழை எந்த வயலினது என்று கண்ணால் பார்த்து எவரும் கூற இயலாது. பொதிக்குப் பொதி கணக்கு வைத்திராத கம்பெனியின் வாக்கு, எத்துணை உயர்ந்ததாயினும், பருத்தி பறிப்பவருக்கு யாதொரு பயனும் தராது. ஆகவே, பயிரிடுவோர் தத்தம் விளைச்சலுக்கும், நெசவாளர் தாம் வாங்கும் நூலுக்கும் ஊர், அரைவை ஆலை, பொதி எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வருதல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. கம்பெனியில் சில இயக்குநர்கள் கூடி முடிவு செய்கின்றனர். விளைவைச் சுமப்பவரோ கடைச் சிப்பந்தியும் தொழிலாளியுமே. கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவருக்கு ஒரு வாக்கு. சங்கத்தின் பெயரால் இத்தகைய விஷயத்தில் பேச நேரின், அதனை முதலில் மகாசபையில் வைத்து, நட்டம் வரினும் தாங்குவோமா என்று அங்கத்தினரைக் கேட்டபின் பேசுவதே முறையாகும்.