பூனை பினாயிலை நக்கியதா? உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள்!

சென்னை நகரில் எலித் தொல்லைக்குப் பயந்து பூனை வளர்க்கும் வீடுகள், கடைகள் ஏராளம். அந்தப் பூனைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு எமன் இருக்கிறான். தரை துடைக்கும் பினாயில்தான் அது!

பூனை பாட்டிலைத் திறந்து குடிப்பதில்லை. ஈரத் தரையில் நடக்கிறது. பிறகு மூலையில் உட்கார்ந்து பாதத்தை நக்குகிறது. அவ்வளவுதான், விஷம் உள்ளே போய்விடுகிறது. எச்சில் வழியும். வாந்தி எடுக்கும். நடுங்கும். நடை தள்ளாடும்.

இந்த விஷத்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. அதனால்தான் நாயை விடப் பூனைக்கு ஆபத்து அதிகம்.

மாத்திரையும் எமன்தான்

காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் இதே கதைதான். "பாவம், உடம்பு சுடுதே" என்று பாலில் கரைத்துக் கொடுத்தால் தீர்ந்தது. 500 மில்லி கிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். ஈறு நீலமாகவோ காப்பி நிறமாகவோ மாறும். முகமும் பாதமும் வீங்கும். மூச்சு வாங்கும். இதற்கு மாற்று மருந்து டாக்டரிடம் உண்டு. ஆனால் நேரத்தோடு போக வேண்டும்.

கை வைத்தியம் கூடாது

"உப்புத் தண்ணியைக் கரைச்சு ஊத்து, எல்லாம் வாந்தியா வந்துடும்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். கேட்காதீர்கள்! பினாயில் உள்ளே போகும்போதே தொண்டையைப் புண்ணாக்கும். வாந்தியாகத் திரும்பும்போது மறுபடியும் புண்ணாக்கும். மூச்சுக் குழாயில் இறங்கினால் உயிருக்கே உலை. போதாக்குறைக்கு, உப்பு அதிகமானால் அதுவே விஷம். பாலும் எண்ணெயும் விஷத்தை முறிக்காது.

செய்ய வேண்டியது இதுதான்: பாதத்திலோ முடியிலோ பினாயில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். மறுபடி நக்காதபடி துண்டில் சுற்றுங்கள். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்திலுள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "காலையில பாத்துக்கலாம்" என்று படுத்தால், காலையில் பூனை இருக்காது.

வீடு துடைக்கும்போது பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பினாயில் போட்ட தரையை வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடையுங்கள். தரை காய்ந்த பிறகே கதவைத் திறக்க வேண்டும்.