அந்தப் பாடம் வரும்போது...

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர் நான். எச்.ஐ.வி. கிருமி எந்த வெள்ளை அணுவைத் தாக்குகிறது, எலிசா பரிசோதனை எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வகுப்பில் எய்ட்ஸ் பாடம் வந்தால் மட்டும், "இதை வீட்ல படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். பையன்கள் சிரிப்பார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். எனக்கோ, அப்பாடா என்றிருக்கும்.

பிறகு ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். முதல் நாள் எழுத்துத் தேர்வில் எல்லோருக்கும் நல்ல மார்க். மறுநாள் பயிற்சி கொடுத்த அம்மாள், "இதையே எழுந்து நின்னு, கிளாஸ்ல சொல்ற மாதிரி சொல்லுங்க" என்றார். இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர்கள்கூட 'உடலுறவு' என்ற சொல் வந்ததும் தொண்டையைச் செருமினார்கள். ஒருவர், "தப்பான வழியில போறவங்களுக்கு..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் விடவில்லை. "அப்போ, கட்டின புருஷன்கிட்டேயிருந்து தொத்திக்கிட்டவ என்ன தப்புப் பண்ணினா? அவ பெத்த குழந்தை என்ன பண்ணிச்சு?"

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. பெற்றோர் சண்டைக்கு வருவார்களோ என்ற பயம் எங்களுக்கு நிஜமாகவே உண்டு. 2007-ல் வளரிளம் பருவக் கல்வியையே மகாராஷ்டிரம் உள்படச் சில மாநிலங்கள் நிறுத்திவைத்தனவே! இத்தனைக்கும் இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான், 1986-ல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்.

அந்த வருஷம் வகுப்பில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்து, பேர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொன்னேன். கொசு கடித்தால் வருமா என்று ஏழெட்டுச் சீட்டு. வராது. ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "அம்மா இதுக்கு தினமும் மாத்திரை சாப்பிடறாங்க. அவங்க தட்டில நான் சாப்பிடலாமா? பாட்டி வேண்டாங்கறாங்க."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நான் பக்கத்தைத் திருப்பிய வருஷங்களில் இப்படி எத்தனை பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்களோ!

சீட்டை வாசிக்கவில்லை. பொதுவாகச் சொல்வதுபோல் வகுப்புக்கே சொன்னேன். ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே டம்ளரில் குடிக்கலாம், கட்டிக்கொண்டு தூங்கலாம். உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவருக்குப் போட்ட ஊசி, கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து குழந்தைக்கு, இப்படித்தான் பரவும். ஏ.ஆர்.டி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறையும். அப்படியே இருக்கும்வரை உடலுறவில்கூடப் பரவாது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். சந்தேகம் கேட்க 1097. இதற்காகப் பள்ளியில் யாரையும் ஒதுக்கக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு எழுந்தது. நான் நிறுத்தவில்லை, தானே அடங்கிற்று.

சீட்டு எழுதியது யாரென்று நான் விசாரிக்கவில்லை. பையனா, பெண்ணா என்றுகூட இங்கே சொல்லப்போவதில்லை. நாலு நாள் கழித்து டப்பாவில் அதே கையெழுத்தில் இன்னொரு சீட்டு: "பாட்டிக்கு யார் டீச்சர் சொல்றது?"

பாட்டிமார்களும் படிக்கிற பத்திரிகை என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.