கிங்மேக்கர்

கிங்மேக்கர் என்பது, தான் பதவியில் அமராமல், அப்பதவியில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிக்கும் செல்வாக்குப் பெற்றவரைக் குறிக்கும் ஆங்கில வழக்கு ஆகும். 'அரசரை உருவாக்குபவர்' என்பது இதன் நேர்ப்பொருள். தமிழ் இதழ்களில் இச்சொல் பெரும்பாலும் ஒலிபெயர்ப்பாகவே எழுதப்படுகிறது.

தோற்றம்

இப்பெயரால் முதன்மையாக அறியப்படுபவர் வாரிக் பிரபு ரிச்சர்டு நெவில் (1428–1471) ஆவார். 15 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் ஆகிய அரச மரபுக் கிளைகள் போரிட்டன. நெவில், 1461 இல் லங்காஸ்டர் கிளையைச் சேர்ந்த ஆறாம் ஹென்றி நீக்கப்பட்டு, யார்க் கிளையின் நான்காம் எட்வர்டு முடிசூடப் பெருந்துணை புரிந்தார். எட்வர்டுக்குப் பிரெஞ்சு அரச குடும்பத்தில் மணம் பேச நெவில் முயன்றிருந்தபோது, 1464 இல் எட்வர்டு எலிசபெத் உட்வில்லை இரகசியமாக மணந்தார். இதன் பின் இருவருக்கும் இடையே பகை வளர்ந்தது. நெவில் அணி மாறி, 1470 இல் ஹென்றியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். 1471 இல் பார்னெட் போரில் எட்வர்டின் படையிடம் தோற்றுக் கொல்லப்பட்டார். ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் மேர், 1521 இல் இலத்தீனில் வெளிவந்த தமது வரலாற்று நூலில், இவரை 'அரசர்களை உருவாக்கியவர்' எனக் குறிப்பிட்டார்.

பொருள் வேறுபாடு

'அரியணைக்குப் பின்னுள்ள ஆற்றல்' என்னும் ஆங்கிலத் தொடரும் இதுவும் ஒன்றல்ல. அத்தொடர், ஆட்சி நடைபெறும் காலம் முழுவதும் மறைவில் இருந்து அதனை இயக்குபவரைக் குறிக்கும். கிங்மேக்கரின் செல்வாக்கோ தேர்வு நடைபெறும் வேளையிலேயே மிகுதியாக இருக்கும். பதவி பெற்றவர் வலுவடைந்தபின் அச்செல்வாக்கு குறைவதும் உண்டு.

இந்தியாவில்

முகலாயர் வரலாற்றில் சையது சகோதரர்கள் இவ்வாறு அழைக்கப்படுகின்றனர். இவர்கள் 1713 இல் பரூக்சியார் அரியணை ஏறத் துணை நின்றனர். 1719 இல் அவரை நீக்கி, அதே ஆண்டில் மூவரை அடுத்தடுத்து அரியணையில் அமர்த்தினர். அம்மூவருள் இறுதியானவரான முகம்மது ஷாவின் காலத்தில், 1720 இல், இவர்களது ஆதிக்கம் முறியடிக்கப்பட்டது.

தற்கால அரசியலில் காமராசர் இப்பெயரால் பெரிதும் அறியப்படுகிறார். காங்கிரஸ் தலைவராக இருந்த அவர், 1964 இல் நேருவின் மறைவுக்குப் பின் லால் பகதூர் சாஸ்திரியும், 1966 இல் இந்திரா காந்தியும் பிரதமராவதில் முக்கியப் பங்காற்றினார். 1967 தேர்தலில் விருதுநகர் தொகுதியில் தோல்வியுற்றார். 1969 இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது இந்திரா காந்திக்கு எதிரணியில் இருந்தார்.

பிற பயன்பாடுகள்

எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, ஆட்சியமைக்க ஆதரவு தரக்கூடிய சிறிய கட்சியும் இவ்வாறு அழைக்கப்படுகிறது. பிரித்தானியாவில் 2010 பொதுத்தேர்தலில் 57 இடங்களைப் பெற்ற லிபரல் டெமாக்ரட் கட்சி, கன்சர்வேடிவ் கட்சியுடன் கூட்டணி ஆட்சி அமைத்தது. 2015 தேர்தலில் அது 8 இடங்களையே பெற்றது.

பலர் ஆடும் விளையாட்டுகளில், தான் வெல்ல இயலாத நிலையிலும் வெல்பவரைத் தீர்மானிக்கக்கூடிய ஆட்டக்காரரையும் இச்சொல் குறிக்கும்.