காலி மைதானமும் நிறைந்த வீடுகளும்

2021 ஆகஸ்ட் 6 ஒரு வெள்ளிக்கிழமை. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம். நான் அப்போது தரம் 9 இல் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடுவது வழமையல்ல. அன்று காலை 7 மணிக்கு வாப்பாவே அதைப் போட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹொக்கியின் வெண்கலப் பதக்கத்துக்கான போட்டி. இந்தியாவும் பிரித்தானியாவும் மோதின. முதல் நாள் இதே நேரத்தில் இந்திய ஆண்கள் அணி ஜேர்மனியை 5-4 என்று வென்று, 41 வருடங்களுக்குப் பின் ஒலிம்பிக் ஹொக்கிப் பதக்கம் ஒன்றைப் பெற்றிருந்தது. அதைப் பார்த்த ருசியில்தான் வாப்பா உட்கார்ந்தார்.

கெலிஓயாவில் எல்லோர் வாயிலும் கிரிக்கெட்தான். கொஞ்சம் தூரத்திலுள்ள மாத்தளையை ஹொக்கியின் ஊர் என்று சொல்வார்கள். ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் ஹொக்கியின் விதிகள் தெரியாது. "என்ன மகள் இது, பந்தையே காணல்ல" என்றார் உம்மும்மா. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஹொக்கிப் பந்து நம் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடியது. அது மணிக்கு 100 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் பாயக்கூடியது. கமராவுக்கே அதைத் துரத்துவது கஷ்டம்.

இந்தக் கஷ்டத்துக்காகவே ஹொக்கி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதை நான் பிறகுதான் படித்தறிந்தேன். முன்பெல்லாம் பச்சைத் தரையில் வெள்ளைப் பந்து. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தரை நீல நிறமாகவும் பந்து மஞ்சள் நிறமாகவும் மாறின. திரையில் பார்ப்பவருக்குப் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அதற்கு முக்கிய காரணம். ஆட்டமும் 35 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாகவே இருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அது 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாயிற்று. இடையில் கிடைக்கும் ஓய்வில் வீராங்கனைகள் மூச்சு வாங்குகிறார்கள். தொலைக்காட்சி பழைய காட்சிகளை மெதுவாக ஓட்டிக் காட்டுகிறது. நடுவரின் தீர்ப்பில் சந்தேகம் வந்தால் வீடியோவைப் பார்க்கும்படி அணிகள் கேட்கலாம். கேட்டது சரியென்றால் அந்த உரிமை கையில் இருக்கும், பிழையென்றால் போய்விடும்.

டோக்கியோவில் இன்னொரு வித்தியாசமும் இருந்தது. நோய்த்தொற்று அச்சத்தால் மைதானத்துக்குள் ரசிகர்களை விடவில்லை. வெறும் கதிரைகளுக்கு நடுவே பெண்கள் ஓடினார்கள். மட்டையில் பந்து படும் ஓசையும் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தமும் எங்கள் வீட்டு ஹோலுக்குள் அப்படியே கேட்டன. அந்தப் போட்டியின் ரசிகர் கூட்டம் முழுவதும் வீடுகளில்தான் இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதில் ஒரு சிறு பகுதி.

முதற் பகுதியில் கோல் இல்லை. கோல் காப்பாளர் சவிதா பூனியா மீண்டும் மீண்டும் பந்தைத் தடுத்தார். இரண்டாம் பகுதியில் பிரித்தானியா அடுத்தடுத்து இரண்டு கோல்களைப் போட்டது. "முடிஞ்சி" என்று நானா எழும்பிவிட்டார். அவர் குசினிக்குப் போய்ப் பிளேன்டீயோடு திரும்புவதற்குள் ஆட்டம் மாறியிருந்தது. 25 ஆம், 26 ஆம் நிமிடங்களில் குர்ஜித் கௌர் இரண்டு பெனால்டி கோர்னர்களைக் கோலாக்கினார். 29 ஆம் நிமிடத்தில் வந்தனா கட்டாரியா மூன்றாவதைப் போட்டார். இந்தியா 3-2 என்று முன்னால்.

பெனால்டி கோர்னர் என்றால் என்ன என்று தெரியாமலேயே நாங்கள் கைதட்டினோம். கோல் இருக்கும் எல்லைக்கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிடுவாள். வட்டத்துக்கு வெளியே இன்னொருத்தி அதை நிறுத்துவாள். மற்றொருத்தி கோலை நோக்கி எறிவது போல அதை இழுத்து வீசுவாள். கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோட்டுக்குப் பின்னால் நின்று காக்கலாம். பந்து நகர்ந்ததும் அவர்கள் அதன் எதிரே பாய்ந்து ஓட வேண்டும். ஒரு சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

35 ஆம் நிமிடத்தில் பிரித்தானியா சமப்படுத்தியது. 48 ஆம் நிமிடத்தில் அதே பெனால்டி கோர்னர் மூலம் நான்காவது கோலும் வந்தது. முடிவு 4-3. மணி ஒலித்ததும் கமரா இந்திய வீராங்கனைகளின் முகங்களுக்குக் கிட்டப் போனது. அவர்கள் அழுதார்கள். வென்ற பிரித்தானிய வீராங்கனைகள் சிலர் வந்து தட்டிக்கொடுத்தார்கள். உம்மும்மா மெதுவாக, "இந்தப் புள்ளைகள்ட உம்மாமாரும் இதப் பார்த்துட்டுத்தானே இருப்பாங்க" என்றார்.

அதுவரை அது எனக்கு ஒரு விளையாட்டுத்தான். அந்தச் சொல் என்னைத் தொட்டது. 2019 இல், தரம் 7 இல், வலய மட்ட வலைப்பந்தாட்டத்தில் எங்கள் அணிக்கு நான்தான் கோல் காப்பாளர். ஒரே ஒரு கோலால் தோற்றோம். கடைசிப் பந்து என் கைக்கு மேலால் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் யாரும் என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "பொம்புளப் புள்ளைக்கு இது தேவையா?" என்று சிரித்தார். நான் சப்பாத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வந்தனாவைப் பற்றிப் பிறகு செய்திகளில் பார்த்தேன். அந்த வருடம் மே மாதம் அவருடைய தந்தை காலமானார். ஒலிம்பிக் பயிற்சி முகாமில் இருந்த அவரால் இறுதிக் கிரியைகளுக்குப் போக முடியவில்லை. டோக்கியோவில் இந்திய அணி முதல் மூன்று போட்டிகளிலும் தோற்றது. பின்பு அயர்லாந்தை வென்றது. தென்னாபிரிக்காவுக்கு எதிரான போட்டியில் வந்தனா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக்கில் ஒரே போட்டியில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்து காலிறுதியில் அவுஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி, ஆகஸ்ட் 4 ஆம் திகதி அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவிடம் 1-2 என்று தோற்றார்கள்.

அன்று ஹரித்வாருக்கு அருகே ரோஷ்னாபாத்தில் உள்ள வந்தனாவின் வீட்டுக்கு முன்னால் சிலர் வெடி கொளுத்தினார்கள். நம் ஊரில் கிரிக்கெட்டில் வென்றால் வெடி கொளுத்துவோம். அங்கே கொளுத்தியது தோல்விக்கு. அணியில் தலித் பெண்கள் கூடிவிட்டதால்தான் தோற்றது என்று சாதியைச் சொல்லி ஏசினார்கள் எனக் குடும்பத்தார் பொலிஸில் முறையிட்டார்கள். கைதுகளும் நடந்தன. இதற்கு இரண்டு நாள் கழித்து, அந்த வெள்ளிக்கிழமை, அதே வந்தனா மைதானத்தில் இறங்கி இந்தியாவின் மூன்றாவது கோலைப் போட்டார்.

ஒரே அணியின் தோல்விக்கு இரண்டு விதமான எதிரொலி. ஒரு வீட்டில் ஓர் உம்மும்மா முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டார். இன்னோரிடத்தில் அயலில் உள்ளவர்களே வெடி கொளுத்தினார்கள். தொலைக்காட்சி எல்லோருக்கும் ஒரே படத்தைத்தான் காட்டியது. அதைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது, என்ன செய்வது என்பது பார்ப்பவரிடமே இருந்தது.

திரை காட்டாத கணக்கும் உண்டு. இதே பெண்கள் அணி 1980 மொஸ்கோவில் நான்காம் இடம் பெற்றது. பிறகு 36 வருடங்கள் ஒலிம்பிக் பக்கமே வர முடியவில்லை. 2016 ரியோவில் 12 அணிகளில் கடைசி இடம். அந்த ரியோவில் தங்கம் வென்றது பிரித்தானியா. கடைசி இடத்தில் இருந்தவர்கள் ஐந்து வருடத்தில் அந்தப் பிரித்தானியாவோடு ஒரு கோல் வித்தியாசத்துக்கு வந்து நின்றார்கள். 4-3 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் இது விளங்காது.

இதை யோசிக்கும்போது இஸ்லாம் பாடத்தில் படித்த ஒரு சம்பவம் ஞாபகம் வருகிறது. நபி (ஸல்) அவர்களின் 'அள்பா' என்ற ஒட்டகம் ஓட்டத்தில் தோற்றதே இல்லை. ஒருநாள் நாட்டுப்புற அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. பார்த்த தோழர்களுக்கு மனம் கனத்துப் போயிற்று. நபியவர்கள் கோபப்படவில்லை. உலகில் உயரும் எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லி அவர்களை ஆற்றினார்கள். தோல்வியைக் கண்ட ரசிகர்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் அது.

அன்று போட்டி முடிந்தபின் வாப்பா தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. இந்தியப் பிரதமர் தொலைபேசியில் பேசியபோது வீராங்கனைகள் விம்மி அழுததையும் பிறகு செய்திகளில் பார்த்தார். ஜும்ஆவுக்குப் போய் வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "மகள், நீங்க ஏன் அந்த வெளயாட்ட விட்டீங்க?" என்று கேட்டார். இரண்டு வருடம் பிந்திய கேள்வி. நான் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சப்பாத்து அதற்குள் சின்னதாகிவிட்டது. பாடசாலை திறந்ததும் கம்பளைக்குப் போய்ப் புதிய சோடி ஒன்று வாங்கித் தந்தார்.

அதன் பிறகும் நாங்கள் பல தடவை தோற்றிருக்கிறோம். ஆனால் இப்போது எங்கள் அணியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடைசிப் பந்தைத் தவறவிட்டவள் பஸ்ஸில் தனியாக உட்காரக் கூடாது. தோழிகளாகிய நாம் இவ்வளவாவது செய்யலாம். பெற்றோரிடம் கேட்பதும் ஒன்றுதான். தோற்று வரும் மகளிடம் எத்தனை கோல் என்று கேட்பதற்கு முன்னால், களைப்பா என்று கேளுங்கள். மைதானத்தில் ஆள் இல்லாவிட்டாலும் அவள் ஆடுவாள். வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.